பழைய கவிதை யாருக்குச் சொந்தம்?

(கனகம்மாசத்திரத்தில் படிப்பக நண்பர்கள் கூட்டிய இலக்கியக் கூட்டத்தில், முழுநேர ஊழியர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"லத்தீன் கவிதையும் ஐரோப்பிய இலக்கியமும்" என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு, கூட்டம் துவங்குமுன் ஓர் இளைஞர் நம்மைத் தனியே அழைத்துக் கேட்டார்: "தோழர், விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீடு. காண்டிராக்ட் வேலை. எப்போது நிறுத்துவான் என்று தெரியாது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியில் எவனோ ராஜாவுக்குப் பாடிய பாட்டு எங்களுக்கு எதற்கு?"

நியாயமான கேள்வி. அந்த இளைஞர் இப்போது கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கேள்வியைத் தள்ளிவிட்டு நாம் வர்ஜில், தாந்தே என்று பெயர்களை அடுக்கிக்கொண்டு போனால், அது பண்டிதப் பேச்சாக இருக்குமே தவிர உழைப்பாளி மக்களிடம் பேசும் பேச்சாக இருக்காது. ஆகவே இன்றைய பேச்சு முழுவதும் அவருக்குச் சொல்லும் பதில்தான்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். நமது படிப்பு பள்ளி இறுதி வகுப்போடு நின்றுவிட்டது. லத்தீன் மொழியை எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது. ரயிலிலும் பஸ்ஸிலும், கட்சி ஆபீஸ் பெஞ்சிலும், தமிழிலும் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்திலும் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறோம். கற்றறிந்த பெரியோர்கள் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்து ஊர்ச் செப்பேடு

ரோமாபுரிக்குப் போகுமுன் திருவாலங்காட்டுக்குப் போவோம். இங்கிருந்து சைக்கிளில் போய்வரும் தூரம்தானே! அந்த ஊரில் 1905-ஆம் ஆண்டு ராஜேந்திர சோழன் காலத்துச் செப்பேடுகள் கிடைத்தன. மொத்தம் 31 ஏடுகள். அவற்றில் ஒரு பகுதி சமஸ்கிருதம், 271 சுலோகங்கள். சோழ வம்சத்தின் பெருமையும் மன்னர்களின் வெற்றியும் அதில் வருகின்றன. இன்னொரு பகுதி தமிழ். பழையனூர் என்ற கிராமம் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட விவரமும், ஊரின் எல்லையும் உரிமைகளும் தமிழில் இருக்கின்றன.

தமிழ் அரசவையில் ஏறாத மொழி என்று நாம் சொல்லவில்லை. அதே திருவாலங்காட்டில், அந்தச் செப்பேட்டுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே காரைக்கால் அம்மையார் என்ற பெண்மணி தமிழில் பாடிவிட்டார். இருந்தாலும் அந்த 31 ஏடுகளைக் கவனித்தால் ஒரு விஷயம் விளங்கும். நாலு தேசத்துப் பண்டிதரும் அறிய வேண்டிய வம்சப் புகழுக்கு ஒரு மொழி. வரப்பையும் வாய்க்காலையும் சொல்லும்போது ஊரார் பேசும் மொழி.

ஐரோப்பாவிலும் இதுதான் நடந்தது. ரோம சாம்ராஜ்யத்தின் மேற்குப் பகுதி கி.பி. 476-இல் விழுந்தது. சாம்ராஜ்யம் போயிற்று, மொழி போகவில்லை. அதற்குப் பின்னும் ஆயிரம் வருஷங்கள் மாதா கோயிலில் லத்தீன், சர்வகலாசாலையில் லத்தீன், வைத்திய நூலில் லத்தீன். வயலில் உழுதவனும் சந்தையில் விற்றவளும் பேசியது இத்தாலி மொழி, பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன், ஆங்கிலம். இந்த இரண்டு மொழிகளுக்கும் நடுவே நடந்த கொடுக்கல் வாங்கலின் கதைதான் ஐரோப்பிய இலக்கியத்தின் பெரும் பகுதி.

அடிமை துவக்கி வைத்த இலக்கியம்

"அது எஜமானர்களின் மொழியல்லவா?" என்று கேட்கலாம். ஆம், எஜமானர்களின் மொழிதான். ரோமாபுரி அடிமைகளின் முதுகின்மேல் கட்டப்பட்ட சமுதாயம். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் லத்தீன் இலக்கியத்தைத் துவக்கி வைத்தவர் யார் தெரியுமா? லீவியஸ் ஆண்டிரோனிக்கஸ் என்பவர். தென் இத்தாலியில் இருந்த டாரண்டம் என்னும் கிரேக்க நகரத்தவர். அடிமையாக ரோமாபுரிக்குக் கொண்டு வரப்பட்டு, பின் விடுதலை பெற்றவர் என்று பழைய ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஹோமரின் ஒடிஸியைக் கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு மொழிபெயர்த்தார்.

அடுத்த நூற்றாண்டில் செய்யுள் நாடகங்கள் எழுதிய டெரன்ஸ் ஆப்பிரிக்காவில் பிறந்த அடிமை. ரோமாபுரியின் மிகச் சிறந்த கவிகளில் ஒருவரான ஹொரேஸ் (கி.மு. 65 - கி.மு. 8) விடுதலை பெற்ற அடிமையின் மகன், அதை அவர் மறைக்கவும் இல்லை.

ஆகவே இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லத்தீன் கவிதையே இரவல் வாங்கி வளர்ந்தது. கிரேக்கரிடம் எடுத்துத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டது. மேலும், எஜமானனின் மொழியில் எழுதப்பட்ட எல்லாமே எஜமானனின் கையால் எழுதப்பட்டதல்ல.

நிலம் இழந்த விவசாயி

இனி வர்ஜில். கி.மு. 70-இல் வட இத்தாலியில் மாந்துவா நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர். மாந்துவா என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வர்ஜில் மூன்று நூல்கள் எழுதினார். கடைசியானது ஏனீட் என்ற 12 காண்டக் காவியம். டிராய் நகரம் எரிந்தபின் தப்பி வந்த ஏனியாஸ் இத்தாலியில் ஒரு புது வம்சத்துக்கு வித்திட்ட கதை. அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு அது பெருமை சேர்க்கிறது. இளைஞர் சொன்ன "ராஜாவுக்குப் பாடிய பாட்டு" என்பது இதற்குப் பொருந்தும். நடுவில் எழுதியது உழவுத் தொழிலைப் பற்றியது. நிலம், மரம், கால்நடை, தேனீ என்று நான்கு பாகம். நம் கம்பர் பாடியதாகச் சொல்லப்படும் ஏர் எழுபதை நினைவூட்டும் நூல்.

முதலில் எழுதியது ஆயர் பாடல்கள் பத்து. அந்தப் பத்தில் முதல் பாடலின் விஷயத்தைக் கேளுங்கள். கி.மு. 42-இல் உள்நாட்டு யுத்தம் ஒரு கட்டத்துக்கு வந்தது. ஜெயித்த தளபதிகள் தங்கள் சிப்பாய்களுக்கு நிலம் கொடுப்பதாக வாக்களித்திருந்தார்கள். நிலத்துக்கு எங்கே போவது? இத்தாலியின் பல ஊர்களில் குடியானவர்களை வெளியேற்றி அவர்கள் நிலத்தைப் பிடுங்கிச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். வர்ஜில் குடும்பத்தின் நிலமும் பறிபோனதாகப் பழைய வரலாறுகள் சொல்கின்றன.

பாடலில் இரண்டு பேர். ஒருவன் ரோமாபுரிக்குப் போய்ப் பெரிய இடத்தைப் பிடித்துத் தன் நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டவன். மர நிழலில் குழல் ஊதுகிறான். இன்னொருவன் நிலம் இழந்தவன். ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊரைவிட்டே போகிறான். வழியில் ஒரு ஆடு ஈன்றுவிட்டது. அந்தக் குட்டிகளை வெறும் பாறைமேல் விட்டுவிட்டு வந்திருக்கிறான். தான் பண்படுத்திய வயலை முன்பின் தெரியாத சிப்பாய் அறுக்கப் போகிறானே என்று குமுறுகிறான். கடைசியில் நிலம் தப்பித்தவன் அவனைப் பார்த்து, இன்று ராத்திரி மட்டும் இங்கே தங்கிப் போகலாம், பழமும் பாலாடைக்கட்டியும் இருக்கிறது என்கிறான். பாட்டு முடிந்து விடுகிறது. நாளைக் காலை அவன் எங்கே போவான்? கவி சொல்லவில்லை.

நிலம் எடுப்பு நோட்டீஸ் வந்த வீடுகளுக்கு இந்தப் பாட்டை விளக்க வேண்டுமா, தோழர்களே? அரண்மனையின் தயவில் வாழ்ந்த கவிதான். ஆனால் அந்தக் கவியின் கண் அந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்துவிட்டது. பழைய இலக்கியம் எல்லாமே இப்படித்தான். ஆண்டவனுக்குப் போட்ட கும்பிடும் இருக்கும், அழுதவனின் கண்ணீரும் இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். முழுதும் கும்பிடுவதும் முழுதும் கொளுத்துவதும் அந்த வேலையிலிருந்து தப்பித்துக்கொள்ளும் வழிகள்.

அணுவைப் பாடியவர்

வர்ஜிலுக்கு முந்திய தலைமுறையில் லுக்ரீஷியஸ் என்றொரு கவி. ஆறு பாகங்களில் ஒரு நெடுங்கவிதை எழுதினார். பிரபஞ்சம் முழுதும் அணுக்களாலும் வெற்றிடத்தாலும் ஆனது. இடி மின்னலும் பிணியும் தேவர்களின் கோபத்தால் வருவதில்லை. அச்சத்தை விடுங்கள், இயற்கையின் காரணத்தைத் தேடுங்கள் என்பது சாரம்.

இந்த நூல் பல நூற்றாண்டுகள் மடத்து அலமாரிகளில் தூசு படிந்து கிடந்தது. 1417-இல் போஜியோ பிராச்சியோலினி என்பவர் ஒரு மடத்தில் அதன் கைப்பிரதியைக் கண்டெடுத்தார். அவர் போப்பாண்டவர் அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தவர் என்பது வேடிக்கை! 1473-இல் அச்சேறியது. நம் உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராய் ஏடு தேடி அலைந்து சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மீட்டாரே, ஐரோப்பிய மறுமலர்ச்சியின் துவக்கமும் இப்படி ஏடு தேடிய வேலைதான்.

கிடைத்த ஏடு சும்மா இருக்கவில்லை. லுக்ரீஷியஸின் வழியில் லத்தீனிலேயே கவிதை எழுதி, எல்லையற்ற உலகங்கள் உண்டு என்று வாதிட்ட ஜியோர்தானோ புருனோவை 1600-ஆம் ஆண்டு ரோமாபுரியில் உயிரோடு கொளுத்தினார்கள். பழைய கவிதை ஆபத்தில்லாத பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். 1841-இல் இளைஞர் கார்ல் மார்க்ஸ் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆராய்ச்சி எதைப் பற்றி? டெமாக்ரிட்டஸ், எபிகூரஸ் ஆகியோரின் அணுக் கொள்கையைப் பற்றி. எபிகூரஸின் கருத்துகளை அறிய அவர் நாடிய சாட்சிகளில் ஒருவர் இந்த லத்தீன் கவி.

பட்டம் சூட்டிய நூலும் பேர் சொல்லும் நூலும்

தாந்தே 1265-இல் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். அரசியல் சண்டையில் 1302-இல் நாடு கடத்தப்பட்டார், சாகும்வரை திரும்பவில்லை. அவர் எழுதிய தெய்வீக நாடகக் காவியத்தில் நரகத்தின் வழியே அவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்பவர் யார்? வர்ஜில்! ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்திய லத்தீன் கவியைக் குரு என்று வணங்குகிறார். ஆனால் காவியத்தை எந்த மொழியில் எழுதினார்? லத்தீனில் அல்ல, தன் ஊர் ஜனங்கள் பேசிய தாஸ்கனி மொழியில்! மக்கள் மொழியின் உயர்வைப் பற்றி ஒரு தனி நூலும் எழுதினார். அதை லத்தீனில் எழுதினார். படித்தவர்களுக்கு அவர்கள் மொழியில் சொன்னால்தானே உறைக்கும்!

அடுத்து பெட்ரார்க் (1304-1374). இவர் வர்ஜிலைப் போலவே ஒரு லத்தீன் காவியம் எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டு "ஆப்பிரிக்கா" என்ற நூலைத் துவங்கினார். 1341-இல் ரோமாபுரியில் அவருக்குக் கவிச் சக்கரவர்த்தி மகுடம் சூட்டினார்கள். நிரந்தரப் புகழ் லத்தீனால்தான் வரும் என்று நம்பினார். இத்தாலிய மொழியில் எழுதிய 366 பாடல்களைச் சில்லறை விஷயம் என்று சொல்லிக்கொண்டார். இருந்தும் மனசு கேட்காமல் வாழ்நாள் முழுதும் அவற்றையே திருத்திக்கொண்டிருந்தார். சரித்திரம் என்ன தீர்ப்புச் சொன்னது? ஆப்பிரிக்கா காவியத்தை இன்று ஆராய்ச்சியாளர் தவிர வேறு யாரும் புரட்டுவதில்லை. அந்த இத்தாலியப் பாடல்களோ ஐரோப்பா முழுவதும் பரவி, சானெட் என்ற 14 அடிப் பாடலைக் கவிகளுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தன.

இந்த இரண்டு பேருடைய கதையில்தான் நாம் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. லத்தீனை அப்படியே மறுபடி செய்து பார்த்தது செத்துப் போயிற்று. லத்தீனைக் கற்று, அதன் பலத்தைத் தாய்மொழிக்குள் கொண்டு வந்தது உயிரோடு இருக்கிறது. பிரான்ஸில் துபெல்லே என்ற கவி 1549-இல் இதையே ஒரு கொள்கையாக எழுதினார்: ரோமானியர் கிரேக்கத்தைத் தின்று செரித்துத் தம் ரத்தமாக்கிக்கொண்டது போல் நாமும் செய்தால் பிரெஞ்சு மொழி எந்த மொழிக்கும் குறையாது என்றார்.

இங்கிலாந்தில் சர்ரே பிரபு ஏனீடின் இரண்டு காண்டங்களை ஆங்கிலமாக்கினார். லத்தீன் கவிதையில் அடி இறுதியில் இயைபு கிடையாது. அதற்கு ஈடாக இயைபு இல்லாத பத்து அசை அடியை அவர் ஆங்கிலத்தில் அமைத்தார். அந்தப் பிரபுவை எட்டாம் ஹென்றி மன்னன் 1547-இல் தலை வெட்டிக் கொன்றான். ஆனால் அந்த யாப்பு பிழைத்தது. ஷேக்ஸ்பியரின் நாடகமும் மில்டனின் காவியமும் அந்த யாப்பில்தான் நடக்கின்றன.

நெசவாளி ஏறிய மேடை

ஷேக்ஸ்பியர் கையுறை தைத்து விற்றவரின் மகன். சர்வகலாசாலைக்குப் போனதில்லை. அவருக்கு லத்தீன் கொஞ்சம், கிரேக்கம் அதைவிடக் கொஞ்சம் என்று அவருடைய நண்பர் பென் ஜான்சனே எழுதினார். அந்தக் கொஞ்ச லத்தீனிலும், 1567-இல் கோல்டிங் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அவர் விரும்பிப் படித்தது ஓவிட் என்ற கவியை. ஓவிட், அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் கோபத்துக்கு ஆளாகி, கி.பி. 8-இல் கருங்கடல் கரைக்கு நாடு கடத்தப்பட்டு அங்கேயே மாண்டவர்.

ஓவிட் சொன்ன கதைகளில் ஒன்று: பிராமஸ், திஸ்பி என்று இரண்டு காதலர்கள். நடுவில் சுவர். சுவரின் வெடிப்பு வழியே பேசுகிறார்கள். கடைசியில் இருவரும் மாள்கிறார்கள். இந்தக் கதையை ஷேக்ஸ்பியர் தமது "நடுவேனிற் கனவு" நாடகத்தில் யாரிடம் கொடுத்தார்? ஒரு தச்சன், ஒரு தையற்காரன், ஒரு பாத்திரம் ஒட்டுபவன், ஒரு துருத்தி செப்பனிடுபவன். கதாநாயகனாக நடிப்பவன் பாட்டம் என்ற நெசவாளி! வேலை முடிந்தபின் காட்டில் கூடி ஒத்திகை பார்க்கிறார்கள். ஏதென்ஸ் பிரபுவின் முன் நடிக்கும்போது தப்பும் தவறுமாகத்தான் நடிக்கிறார்கள். பிரபுக்கள் கேலி செய்கிறார்கள். ஜனங்களும் நானூறு வருஷமாகச் சிரிக்கிறார்கள். ஆனால் அந்த நெசவாளி மேடையை விட்டு இறங்குவதில்லை. பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை பக்கத்து விசைத்தறித் தோழர்களுக்கு இதைச் சொல்வதில் நமக்கு ஒரு தனி சந்தோஷம்.

ஒரே கருவி, இரண்டு கைகள்

வாங்கிய கருவியை எதற்குப் பயன்படுத்துவது என்பது வாங்கியவனைப் பொறுத்தது. இதற்கு இரண்டு உதாரணம்.

1572-இல் போர்த்துக்கீசியக் கவி கமோயன்ஷ் "லூசியாடுகள்" என்ற காவியத்தை வெளியிட்டார். வர்ஜிலின் அச்சிலேயே வார்த்தது. கதாநாயகன் யார்? 1498-இல் கள்ளிக்கோட்டையில் வந்து இறங்கிய வாஸ்கோ ட காமா! நம் கடற்கரையில் பீரங்கியோடு வந்தவனுக்கு வர்ஜிலின் ஏனியாஸ் வேஷம் கட்டப்பட்டது. கவிதை உயர்ந்த கவிதைதான். ஆனால் அதன் கப்பல் யாருடைய கப்பல் என்பதை நாம் மறக்க முடியாது.

இன்னொரு பக்கம் மில்டன். 1649-இல் ஆங்கில ஜனங்கள் சார்லஸ் மன்னனை விசாரித்துத் தலையை வெட்டினார்கள். ஐரோப்பா முழுவதும் மன்னர்கள் பதறினார்கள். புதிய குடியரசின் அயல்மொழிக் காரியதரிசியாக இருந்த மில்டன், 1651-இல், மன்னனைத் தண்டிக்க ஜனங்களுக்கு உரிமை உண்டு என்று லத்தீனில் எழுதி ஐரோப்பாவுக்கே பதில் சொன்னார். அரசர்களின் மொழியிலேயே அரசர்களுக்கு எதிராக! பிறகு கண் பார்வை போயிற்று. 1660-இல் மன்னராட்சி திரும்பியது. அவருடைய நூல்கள் கொளுத்தப்பட்டன. சில காலம் சிறையிலும் இருந்தார். தோற்றுப்போன அந்த நாட்களில், பார்வையற்ற நிலையில், வாயால் சொல்லிச் சொல்லி முடித்த காவியம்தான் "இழந்த சொர்க்கம்" (1667). 1674-இல் வர்ஜிலைப் போலவே அதை 12 காண்டமாக வகுத்தார். மொழி மட்டும் ஆங்கிலம்.

மாந்துவாவிலிருந்து ஏலாக்குறிச்சிக்கு

"இதெல்லாம் கடலுக்கு அப்பால் நடந்தது" என்பீர்கள். மாந்துவாவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னோமே! வர்ஜில் பிறந்த அதே மாந்துவா மாவட்டத்தில், காஸ்திலியோனே என்ற ஊரில், 1680-இல் ஒருவர் பிறந்தார். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்று பெயர். சேசு சபைப் பாதிரியாராகத் தமிழ்நாடு வந்து வீரமாமுனிவர் ஆனார். இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் தங்கித் தொண்டு செய்தார்.

அவர் வந்த நோக்கம் மதப் பிரசாரம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் செய்த காரியத்தைப் பாருங்கள். 1726-இல் தேம்பாவணி: 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல்கள். கதை யூதேயாவின் சூசையப்பர் கதை. லத்தீனும் இத்தாலியமும் படித்து வளர்ந்தவர். அறிஞர்கள் அந்தக் காவியத்தில் வர்ஜில், தாஸோ ஆகியோரின் சாயலைக் காண்கிறார்கள். ஆனால் நடையும் யாப்பும் சிந்தாமணி, கம்பன் வழி. யூதேயா நாட்டு வர்ணனையில் நம்முடைய மருத நிலம் செழிக்கிறது! மேலும், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார். மாந்துவாவின் கவிதை தமிழுக்கு வந்தது. வள்ளுவன் லத்தீனுக்குப் போனான். சதுரகராதி, தொன்னூல் விளக்கம், லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் என்று அவர் விட்டுச் சென்றவை இன்றும் இருக்கின்றன.

பாரதியும் இந்த வழியில் வந்தவன்தான். ஆங்கிலக் கவி ஷெல்லியிடம் மனதைப் பறிகொடுத்து ஷெல்லிதாசன் என்று பெயர் வைத்துக்கொண்டான். ஆனால் 1912-இல் பாஞ்சாலி சபதம் பாடும்போது வியாசனின் பழைய கதையை எடுத்து, எளிய பதங்களில், ஜனங்கள் விரும்பும் மெட்டில், அடிமைப்பட்ட தேசத்தின் கதையாக்கினான். வியாசன் காலத்துப் பாஞ்சாலி வேறு. பாரதியின் பாஞ்சாலி வேறு.

கதவைச் சாத்தியவர்கள்

இந்த ஊரின் பேரிலேயே சத்திரம் இருக்கிறது. திருத்தணிக்கும் திருப்பதிக்கும் போகும் சாலை. வழிநடையாய் வருகிறவர் தங்கிப் போவதற்குச் சத்திரம். ஆனால் பழைய நாளில் சத்திரங்களில் என்ன வழக்கம்? யார் உள்ளே சாப்பிடலாம், யார் திண்ணை, யார் திண்ணையிலும் ஏறக்கூடாது என்று சாதி பார்த்தார்கள். லத்தீன் இலக்கியமும் ஐரோப்பாவில் அப்படி ஒரு சத்திரமாகத்தான் நெடுங்காலம் இருந்தது. பெண்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை, தொழிலாளிக்கு இடமில்லை.

பில்லிஸ் வீட்லி என்ற சிறுமியை 1761-இல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாய்க் கொண்டு வந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் விற்றார்கள். அப்போது பால் பல் விழும் வயது. அந்தப் பெண் ஆங்கிலம் கற்றாள், லத்தீன் கற்றாள், ஓவிட் சொன்ன நயோபியின் கதையைத் தன் கவிதையாக்கினாள். ஆப்பிரிக்காவில் பிறந்த டெரன்ஸை நினைத்துப் பாடினாள். 1773-இல் அவளுடைய நூல் லண்டனில் வெளிவந்தது. ஆனால் அது அவள் எழுதியதுதான் என்று பாஸ்டன் நகரத்துப் பெரிய மனிதர்கள் 18 பேர் கையெழுத்திட்டுச் சான்று தர வேண்டியிருந்தது!

1895-இல் தாமஸ் ஹார்டி எழுதிய "ஜூட்" நாவலில் ஓர் ஏழைப் பையன் ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டே மடியில் லத்தீன் புத்தகத்தை வைத்துப் படிக்கிறான். வளர்ந்து கல் தச்சனாகிறான். கல்லூரியில் சேர வழி கேட்டு எழுதுகிறான். உன் தொழிலோடு இரு, அதுதான் உனக்கு நல்லது என்று கல்லூரித் தலைவரிடமிருந்து பதில் வருகிறது. அந்தக் கல்லூரியின் சுவர்களைச் செப்பனிடலாம். உள்ளே நுழையக் கூடாது!

இந்த இடத்தைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். காரணம் உண்டு. நாம் ஒன்பதாவது படிக்கையில் செய்யுள் ஒப்பித்தலில் பேர் கொடுத்தோம். ஓர் ஆசிரியர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "தறிக்காரன் வீட்டுப் பிள்ளைக்குச் செய்யுள் எதற்கடா? கணக்கைப் படி, கடையில் நிற்க உதவும்" என்று வகுப்புக்கு முன்னால் பேரை அடித்தார். அடி, உதை எதுவும் இல்லை. ஒரு கோடுதான் போட்டார். முப்பது வருஷமாகியும் அந்தக் கோடு அழியவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்தால் அவ்வா திண்ணையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். நம் வீட்டில் பேச்சு தெலுங்கு, தெருவில் தமிழ். இந்த எல்லைப் பக்கத்தில் அது புதுமையில்லை. 1960-இல் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது கோடு வரைபடத்தில் மாறியது. வீடுகளுக்குள் இரண்டு மொழியும் அப்படியே இருந்தன. அவ்வாவுக்கு ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் ராட்டை சுற்றச் சுற்ற, முதலை வாயில் அகப்பட்ட யானையின் கதையைப் போதனாவின் தெலுங்குப் பத்தியங்களாகவே சொல்லிக்கொண்டு போவார். 15-ஆம் நூற்றாண்டில் சமஸ்கிருத பாகவதத்தை எடுத்துத் தெலுங்கில் பாடியவர் போதனா. பண்டிதரின் சமஸ்கிருதம் போதனாவின் தெலுங்காகி, ஐநூறு வருஷம் நடந்து, எழுத்தறியாத ஒரு நெசவுக் கிழவியின் வாயில் வந்து உட்கார்ந்திருந்தது. ஆசிரியர் நம் பேரை அடித்த அன்றைக்கும், நம் வீட்டில் மகாகாவியம் குடியிருந்தது. நமக்குத்தான் அது தெரியவில்லை.

அந்த இளைஞருக்கு

கடைசி வரிசைத் தோழரே! நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். இந்தக் கவிதை உங்கள் சம்பளத்தை உயர்த்தாது, காண்டிராக்டை நிரந்தரமாக்காது. அதற்குச் சங்கம் வேண்டும், ஒற்றுமை வேண்டும். ஆனால் "உனக்கு எதற்கு இது?" என்ற கேள்வியை முதலில் கேட்டவர் நீங்கள் அல்ல. கல் தச்சனைப் பார்த்துக் கல்லூரித் தலைவர் கேட்டார். தறிக்காரன் மகனைப் பார்த்து ஆசிரியர் கேட்டார். அவர்கள் கேட்ட கேள்வியை நாமே நம்மைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்துவிட்டால், அவர்களுக்கு வேறு வேலை மிச்சமில்லை. பதினைந்து மணி நேரம் வெளியில் போக, மிச்சமிருக்கும் நேரத்தில் தூக்கம் தவிர வேறொன்றும் நமக்கு வேண்டாம் என்று யார் தீர்மானித்தது? எட்டு மணி நேர வேலைக்குப் போராடியவர்கள் மிச்ச நேரத்தை மனிதனாய் வாழத்தான் கேட்டார்கள்.

மார்க்ஸ் 1867-இல் மூலதனத்தின் முன்னுரையை எழுதும்போது அதில் ஹொரேஸும் வருகிறார், தாந்தேயும் வருகிறார். தொழிலாளி வர்க்கத்துக்காக எழுதிய நூலின் வாசலில் லத்தீன் கவியையும் அவர் வழி வந்த இத்தாலியக் கவியையும் நிறுத்தினார். மனித குலம் சேர்த்த செல்வத்தையெல்லாம் கற்றுக்கொள்ளுங்கள் என்று 1920-இல் இளைஞர்களிடம் லெனின் சொன்னார். நம் ஜீவா மேடை மேடையாய்க் கம்பனைச் சொன்னதும் இதே எண்ணத்தில்தான்.

பேச்சோடு போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் இந்தப் படிப்பகத்தில் கூடுவோம். ஒரு வாரம் தமிழ், ஒரு வாரம் தெலுங்கு. ஒரு வாரம் நம் திருவாலங்காட்டில் பாடிய அம்மையார், ஒரு வாரம் வேமனா, ஒரு வாரம் பாரதி. பெரியவர்களுக்கு மனப்பாடமாய் இருக்கும் பாட்டுகளைச் சிறுவர்கள் எழுதி வைக்கட்டும். நிலம் இழந்து ஆடு ஓட்டிப் போன அந்த விவசாயியின் பாட்டுக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்புகள் உண்டு. நாலு பேர் அகராதியோடு உட்கார்ந்து அதை நம் பக்கத்துப் பேச்சில் தமிழாக்குவோம். தப்பு வரும். வரட்டும். பாட்டம் நெசவாளிக்கும் வந்தது.

வரும் ஞாயிறு முதல் கூட்டம். அந்த இளைஞர்தான் முதலில் எழுந்து படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.